மூழ்கும் படகு, மூழ்காத முதலாளி

2014 டிசம்பரில் இந்தோனேசியாவின் இரு கோடிகளில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. மேற்கே அனம்பாஸ் தீவுகளை ஒட்டி, அத்துமீறி மீன்பிடித்ததாகப் பிடிபட்ட மூன்று வியட்நாம் மரப்படகுகள் டிசம்பர் 5 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அந்த நெருப்பும் புகையும் உலகத் தொலைக்காட்சிகளில் எல்லாம் ஓடின. அதே மாதக் கடைசியில் கிழக்கே பப்புவாவில் ஹாய் ஃபா என்ற கப்பல் சிக்கியது. பனாமா கொடி, சீனச் சிப்பந்திகள், 4,306 டன் கொள்ளளவு. உள்ளே சுமார் 900 டன் மீனும் இறாலும். அவற்றோடு ஏற்றுமதிக்குத் தடையுள்ள கொம்பன் சுறாவும் இருந்தது. அடுத்த மார்ச்சில் அம்போன் நீதிமன்றம் கப்பல் தலைவருக்கு விதித்த அபராதம் 20 கோடி ருப்பியா. கேட்க மலைப்பாக இருக்கும் இந்தத் தொகை, டாலரில் சுமார் 15,000 தான். சரக்கின் எடையோடு வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு இரண்டு சென்ட்கூட வராது. ஹாய் ஃபா வந்த வழியே போய்விட்டது. மூன்று மரப்படகுகளோ கடலடியில் கிடக்கின்றன.

கடலோரக் காவல் படைகளுக்கும் அயல்நாட்டு மீன்பிடிப் படகுகளுக்கும் இடையிலான மோதல் என்றதும் துரத்தல், தண்ணீர்ப் பீரங்கி, துப்பாக்கிச் சூடு, எரியும் படகு ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. இந்தக் காட்சிகளை வைத்தே அரசுகள் தங்கள் உறுதியை மக்களுக்குக் காட்டுகின்றன; எதிர்க்கட்சிகளும் இதே காட்சிகளை வைத்துத்தான் அரசின் கையாலாகாத்தனத்தைப் பேசுகின்றன. ஆனால் திருட்டு மீன்பிடிப்பு குறைந்த இடங்களை எடுத்துப் பார்த்தால், அதைக் குறைத்ததில் பீரங்கியைவிடப் பதிவேட்டின் பங்குதான் பெரிது. யாருடைய படகு, எந்த உரிமத்தில் ஓடுகிறது, பிடித்த மீனை எந்தத் துறைமுகத்தில் இறக்குகிறது, அதை வாங்குவது யார் என்ற கேள்விகளைக் கேட்ட அரசுகள் ஓரளவு வென்றிருக்கின்றன. படகை மட்டும் துரத்திய அரசுகள் இன்றும் துரத்திக்கொண்டே இருக்கின்றன.

துரத்துவதில் தென்கொரியாவை மிஞ்ச ஆளில்லை. அதன் மேற்கே உள்ள மஞ்சள் கடலில் யார் எங்கே மீன்பிடிக்கலாம் என்று சீனாவும் கொரியாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2001-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகான கணக்கைப் பாருங்கள். 2008-இல் சீனப் படகில் ஏற முயன்ற கொரியக் காவல் படை வீரர் ஒருவர் கடலில் விழுந்து இறந்தார். 2011 டிசம்பரில் இன்னொரு வீரரைச் சீனப் படகுத் தலைவர் கத்தியால் குத்திக் கொன்றார். 2012-இல் ரப்பர் குண்டு பட்டு ஒரு சீன மீனவரும், 2014-இல் துப்பாக்கிக் குண்டு பட்டு ஒரு படகுத் தலைவரும் உயிரிழந்தார்கள். 2016 செப்டம்பரில், மிரட்டி அடக்குவதற்காக வீசப்பட்ட ஒளிக்குண்டுகளை அடுத்துப் படகில் தீப்பிடித்து மூன்று சீன மீனவர்கள் மாண்டார்கள். அடுத்த மாதமே சீனப் படகுகள் கொரியக் காவல் படையின் விரைவுப் படகு ஒன்றை மோதி மூழ்கடித்தன. அதற்கு மறுமாதம் கொரியா இயந்திரத் துப்பாக்கியை எடுத்தது. சீன மீனவர்கள் படகுகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்து, பக்கவாட்டில் இரும்புக் கம்பிகளை ஈட்டிபோல நட்டு, ஏறவரும் வீரர்களைத் தடுக்கும் கலையில் தேர்ந்துவிட்டார்கள். இந்தப் பட்டியலில் இரு நாட்டு ஏழைகளும் சிப்பாய்களும் இருக்கிறார்கள். படகின் உரிமையாளர் என்று ஒருவர்கூட இல்லை.

யோன்பியோங் தீவை ஒட்டிய கடல் நீல நண்டுக்குப் பேர்போனது. வட, தென் கொரியாக்களைப் பிரிக்கும் தகராறுக் கோடு அதன் பக்கத்தில்தான் ஓடுகிறது. தெற்கிலிருந்து துரத்தினால் சீனப் படகு வடக்கே ஒதுங்கிக்கொள்ளும். அங்கே போய்ப் பிடிக்கத் தென்கொரியக் காவல் படையால் முடியாது. 2016 ஜூனில் பொறுமையிழந்த தீவு மீனவர்கள் தாங்களே போய் இரண்டு சீனப் படகுகளை இழுத்து வந்தார்கள். அவர்களின் ஆத்திரம் நியாயமானது. ஆனால் இதே தென்கொரியாவின் தொலைகடல் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளில் செய்துவந்த அத்துமீறல்களுக்காக 2013 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டுக்கு மஞ்சள் அட்டை காட்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொரியா தன் சட்டத்தைத் திருத்தி, தன் கப்பல்களுக்குக் கண்காணிப்புக் கருவி பொருத்தி, 2015-இல் அந்த எச்சரிக்கையிலிருந்து விடுபட்டது. சொந்தக் கடலில் வருடக்கணக்கில் துப்பாக்கியால் முடியாததை, எங்கோ இருந்த ஆப்பிரிக்க மீனவருக்கு ஒரு வணிக எச்சரிக்கைக் கடிதம் பதினெட்டு மாதங்களுக்குள் ஓரளவு செய்து கொடுத்தது.

மீண்டும் இந்தோனேசியாவுக்கு வருவோம். வாதத்தின் உரைகல் அங்கேதான் இருக்கிறது. 2014 முதல் 2019 வரை மீன்வளத் துறை அமைச்சராக இருந்த சுசி புட்ஜியஸ்துதியின் காலத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படகுகள் மூழ்கடிக்கப்பட்டன. 2017 ஏப்ரல் 1 அன்று ஒரே நாளில் 81 படகுகள். உலகம் அவரை ‘படகுகளுக்கு வெடிவைக்கும் அமைச்சர்’ என்றே அறிந்தது. மீன் ஏற்றுமதித் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்த அந்தப் பெண்மணி, பதவியேற்ற சில நாட்களிலேயே செய்த வேறொரு காரியம் அந்தப் புகையில் மறைந்துபோயிற்று. 2014 நவம்பரில் வெளிநாட்டில் கட்டப்பட்ட மீன்பிடிக் கப்பல்களுக்கு உரிமம் தருவதை அவர் நிறுத்திவைத்தார். அதே மாதம் நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மீனை மாற்றுவதற்கும் தடை விதித்தார். பிறகு இந்தோனேசியக் கொடியோடு ஓடிய 1,132 வெளிநாட்டுக் கட்டுமானக் கப்பல்களின் ஆவணங்களைத் தணிக்கை செய்ய வைத்தார். அந்த 1,132-இல் விதிமீறாத கப்பல் ஒன்றுகூட இல்லை என்று தணிக்கை சொன்னது.

இந்த எண்ணின் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அவை இரவில் எல்லை தாண்டி வந்த திருட்டுப் படகுகள் அல்ல. இந்தோனேசிய அமைச்சகமே முத்திரை குத்தி அனுப்பிய கப்பல்கள். இரண்டு கொடி வைத்திருந்தவை, எடையைக் குறைத்துக் காட்டியவை, கண்காணிப்புக் கருவியை அணைத்துவிட்டு ஓடியவை, உரிமத்தில் சொல்லாத இடத்தில் வலை வீசியவை எல்லாம் அதில் அடக்கம். கடலோரக் காவல் படைக்காரர் நிறுத்திச் சோதித்தால் காகிதத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கும். நடுக்கடல் மாற்றத்துக்கான தடையும் அப்படித்தான். தாய்க்கப்பல் கடலுக்கே வந்து டீசலையும் ஐஸையும் அரிசியையும் கொடுத்து மீனை வாங்கிப் போகும்வரை, மீன்பிடிக் கப்பல் மாதக்கணக்கில் கரை காணத் தேவையில்லை. கரை வராத கப்பலை எந்த அதிகாரியும் எண்ண முடியாது. அதில் வேலைசெய்யும் ஆளும் தப்பிக்க முடியாது. இந்தோனேசியாவின் பெஞ்சினா தீவுக் கிராமத்தில் மியான்மர், கம்போடியத் தொழிலாளர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்ததை 2015-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தபோது, திருட்டு மீனும் அடிமை உழைப்பும் ஒரே கப்பலில் பயணம் செய்தது தெரிந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டார்கள். மீட்கப்பட வேண்டிய ‘அந்நியன்’ அந்தக் கப்பல்களிலேயே இருந்தான்.

இவற்றின் பலன் என்ன? 2018-இல் ‘நேச்சர் ஈக்காலஜி அண்ட் எவல்யூஷன்’ இதழில் வந்த ஆய்வு, செயற்கைக்கோள் தரவுகளை வைத்து, இந்தோனேசியக் கடலில் வெளிநாட்டு மீன்பிடிப்பு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகவும் மொத்த மீன்பிடி அழுத்தம் குறைந்தது கால்பங்கு சரிந்ததாகவும் கணக்கிட்டது. (ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் இழப்பு என்று ஜகார்த்தா முழங்கிவந்த எண்ணை நான் இங்கே எடுத்தாளவில்லை. உலகம் முழுவதிலும் நடக்கும் திருட்டு மீன்பிடிப்பின் மதிப்பையே 2009-இல் வந்த பெயர்பெற்ற ஆய்வு 1,000 முதல் 2,350 கோடி டாலர் வரை என்றுதான் சொன்னது.) வெடிவைப்புக்கும் உரிமத் தடைக்கும் அந்தப் பலனைப் பங்குபிரித்துக் கொடுப்பது எளிதல்ல, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. ஆனாலும் அளவைப் பார்த்தால் ஒரு தீர்ப்புக்கு வரலாம். மூழ்கடிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியக் கொடிகளோடு வந்த நடுத்தர, சிறு படகுகள். 1,132-ஓ 30 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள். கடலைச் சுரண்டும் திறனில் அவற்றுக்கும் இவற்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இந்தப் பெரிய கப்பல்கள் ஒரு கையெழுத்தில் துறைமுகத்திலேயே கட்டிப்போடப்பட்டன. ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை.

வெடிச்சத்தம் இல்லாமல் அந்தக் கையெழுத்துக்கு மரியாதை இருந்திருக்குமா, பயம் வேண்டாமா என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். ஹாய் ஃபா வழக்கில் நீதிமன்றம் கைவிட்ட பிறகு, அரசு விளையாடவில்லை என்று காட்ட ஏதோ ஒன்று தேவைப்பட்டது உண்மை. ஆனால் பயம் யாருக்கு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமைச்சரின் கடைசி ஆண்டான 2019 மே மாதத்தில்கூட ஒரே தவணையில் 51 படகுகள் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை வியட்நாமுடையவை. ஐந்தாம் ஆண்டிலும் அதே நாட்டுப் படகுகள் வந்துகொண்டிருந்தன என்றால், அச்சம் படகை ஓட்டியவரோடு நின்றுவிட்டது. அனுப்பியவரிடம் போய்ச் சேரவில்லை. அதோடு, இரு நாடுகளுக்கும் இடையே பொருளாதார மண்டல எல்லையே அப்போது வரையப்படவில்லை. 2019 ஏப்ரலில் இந்தோனேசியப் போர்க்கப்பல் ஒன்றை வியட்நாம் அரசுக் கப்பல் வந்து மோதியதும் அந்தக் குழப்பத்தில்தான். பன்னிரண்டு ஆண்டுப் பேச்சுக்குப் பின் 2022 டிசம்பரில் எல்லை உடன்பாடு முடிந்தது. வெடிமருந்தைவிட அந்தப் பேச்சு மேசைக்கு முன்பே அவசரம் காட்டியிருக்கலாம்.

சீனாவின் விஷயம் வேறு. 2016 மார்ச்சில் நத்துனா தீவுகளுக்கு அருகே இந்தோனேசிய மீன்வளத் துறையினர் ஒரு சீனப் படகைப் பிடித்து இழுத்து வந்தபோது, சீனக் கடலோரக் காவல் கப்பல் ஒன்று இரவில் குறுக்கிட்டு, அந்தப் படகையே மோதி விடுவித்துக்கொண்டு போயிற்று. எட்டு மீனவர்கள் மட்டும் இந்தோனேசியர்களின் கையில் மிஞ்சினார்கள். அது தங்கள் ‘பாரம்பரிய மீன்பிடித் தளம்’ என்றது பெய்ஜிங். ஓர் அரசே படகுக்குப் பின்னால் நிற்கும்போது உரிமப் பதிவேடு என்ன செய்யும்? அதிகம் செய்யாது; ஒப்புக்கொள்கிறேன். அங்கே ரோந்துக் கப்பல் நிற்கத்தான் வேண்டும், அதுவும் வெறுமனே ‘இது எங்கள் கடல்’ என்று சொல்வதற்காக. ஆனால் அந்த மோதலில் மீன் ஒரு சாக்கு. மூழ்கடிக்கப்பட்ட ஐந்நூற்றுச் சொச்சத்தில் சீனப் படகுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதே, வெடிவைப்பும் இங்கே வேலை செய்யவில்லை என்பதற்குச் சான்று. அங்கே பின்னாளில் கைகொடுத்தது இன்னொரு காகிதம். 2016 ஜூலையில் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் நடுவர் தீர்ப்பாயம், இன்னொரு நாட்டின் பொருளாதார மண்டலத்தில் ‘பாரம்பரிய உரிமை’ கோர முடியாது என்று தீர்த்தது. ஸ்கார்பரோ திட்டைச் சுற்றிய கடற்பகுதியில் மட்டும் அந்த உரிமை செல்லும் என்றது. அதுவும் கைத்தொழிலாக மீன்பிடிப்போருக்கு, ஆலைத் தொழிலாக மீன்பிடிப்போருக்கு அல்ல.

என் வாதத்தில் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. காகிதத்தை விலைக்கு வாங்கலாம். சுசிக்கு அடுத்து வந்த அமைச்சர் எதி பிரபோவோ, சுசி தடுத்திருந்த கல் இறால் குஞ்சு (அவற்றுக்கு வியட்நாம் வளர்ப்புப் பண்ணைகளில் ஏகக் கிராக்கி) ஏற்றுமதியை 2020-இல் திறந்துவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் அந்த ஏற்றுமதி உரிமங்களுக்கு லஞ்சம் வாங்கியதாக ஊழல் ஒழிப்பு ஆணையத்தால் கைதானார், தண்டனையும் பெற்றார். சுசியாலேயே உள்நாட்டில் முடியாதது ஒன்று உண்டு. கடலடியைச் சுரண்டி இழுக்கும் ‘சந்த்ராங்’ வலையை அவர் 2015-இல் தடை செய்தபோது ஜாவாவின் வடகரை மீனவர்கள் திரண்டார்கள். 2018 ஜனவரியில் ஜகார்த்தாவில் நடந்த போராட்டத்துக்குப் பின் ஜனாதிபதி விடோடோ அவர்களுக்கு அவகாசம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்நியப் படகுக்கு வெடிவைத்தால் கைதட்டல் கிடைக்கும்; சொந்த ஊர் வலையைத் தடுத்தால் ஓட்டுப் போகும். மேற்சொன்ன 2018 ஆய்வும், அந்நியர் விட்டுப்போன இடத்தை உள்ளூர்ப் படகுகள் நிரப்பிவிட்டால் கிடைத்த ஆதாயம் கரைந்துவிடும் என்றே எச்சரித்திருந்தது. ஆகவே பதிவேடு இருந்தால் மட்டும் போதாது, அது அமைச்சரின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கக் கூடாது. தன் கப்பல்களின் கண்காணிப்புத் தரவை 2017-இல் உலகமே பார்க்கும்படி இணையத்தில் வெளியிட இந்தோனேசியா முன்வந்தது அதனால்தான் பெரிய காரியம்.

இலங்கைக்கும் இதில் ஒரு பாடம் நடந்திருக்கிறது. இலங்கையின் பலநாள் படகுகள் இந்தியப் பெருங்கடலில் விதி மீறுவதாகச் சொல்லி, 2015 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டு மீனை வாங்க மறுத்தது. சூரை மீன் ஏற்றுமதி அடிபட்டது. கொழும்பு ஆழ்கடல் படகுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தியது, சட்டத்தைத் திருத்தியது; 2016-இல் தடை விலகியது. பிற நாட்டுக் கடற்படைகள் இலங்கைப் படகுகளை எத்தனையோ முறை பிடித்துச் சிறையில் அடைத்தும் வராத மாற்றம் அது. பணக்கார நாடுகள் சந்தையைக் காட்டி ஏழை நாடுகளை மிரட்டுவதில்லையா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவின் சொந்தக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கடலில் யோக்கியமாக நடந்துகொண்டதாக யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனாலும் அந்த மிரட்டல் போய் விழுந்த இடம் ஏற்றுமதியாளரின் கல்லாப்பெட்டி. படகோட்டியின் மார்பில் அல்ல.

பாக் நீரிணையைப் பற்றி எழுதாமல் இதைத் தமிழில் முடிக்க முடியாது. இங்கே கைது, கண்டனம், முதல்வரின் கடிதம், பேச்சுவார்த்தை, விடுதலை, மறுபடி கைது என்று நாற்பதாண்டு ஓடிவிட்டது. சுடப்பட்டு இறந்தவர்கள் நம்மவர்கள். அதை மறக்கவோ நியாயப்படுத்தவோ முடியாது. மறுபக்கம், இழுவை மடியில் வலை அறுபட்டு நிற்கும் யாழ்ப்பாண, மன்னார் மீனவரும் தமிழரே. போர்க்காலம் முழுக்கக் கடலுக்கே போக முடியாமல் கிடந்து, போர் முடிந்து இறங்கியவருக்கு மிஞ்சியது கிழிந்த வலை. இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்தது, 2018-இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கோடிக்கணக்கில் ஏற்றியது, 2022 பிப்ரவரியில் பிடித்து வைத்திருந்த 105 தமிழகப் படகுகளை ஏலம் விட்டது. படகைக் குறிவைத்தால் முதலாளிக்கு வலிக்கும் என்ற கணக்கு அது. ஓரளவு வலிக்கவும் செய்கிறது. ஆனால் சிறையில் இருப்பது கூலிக்குப் போன ஆள்.

பாரம்பரிய உரிமை என்ற வாதத்தை நாம் உரக்கச் சொல்கிறோம். கட்டுமரமும் நாட்டுப்படகும் செவுள் வலையும் கொண்டு இரு கரையாரும் கலந்து மீன்பிடித்த வரலாறு உண்மை. அந்த உரிமைக்காக வாதாடலாம், வாதாட வேண்டும். அரசு மானியத்தோடு கடந்த அறுபது ஆண்டுகளில் பெருகிய இழுவை மடி விசைப்படகை அந்த வரலாற்றின் மடியில் உட்கார வைக்க முடியாது. ஸ்கார்பரோ தீர்ப்பு நம் வழக்குக்குக் கட்டாயம் அல்ல என்றாலும், அது போட்ட கோடு ஏறக்குறைய இதே இடத்தில்தான் விழுகிறது. விசைப்படகுக்காரருக்கும் ஒரு பதில் உண்டு: தமிழகச் சட்டப்படி கரையை ஒட்டிய கடற்பகுதியில் அவர் வலை வீசக் கூடாது, அதைத் தாண்டினால் சில மைல்களில் எல்லைக்கோடு வந்துவிடுகிறது, அந்த ஒடுக்கமான பட்டைக்குள் அத்தனை படகுக்கு எங்கே மீன்? சரியான கேள்விதான். அந்தப் பட்டை தாங்காத அளவுக்குப் படகுகளுக்குப் பதிவெண் கொடுத்தது யார் என்பதும் அதே கேள்வியின் மறுபாதி. ஆழ்கடலுக்கு மாற்ற 2017-இல் தொடங்கிய திட்டம் ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் 2,000 படகுகளைக் குறிவைத்தது. கடனும் பராமரிப்பும் பல நாள் கடல்வாசமும் பயமுறுத்த, அதில் சொற்பமே கடலுக்கு வந்தன. அழித்த இழுவைப் படகுக்கு ரொக்க ஈடு, ஆழ்கடல் தொழிலுக்கு ஆயிரங்கால் தூண்டில் தெரிந்த குமரிக் கரையின் தூத்தூர் மீனவரின் துணை என்று அந்தத் திட்டத்தைத் திருத்துவது டெல்லியாலும் சென்னையாலும் முடிகிற காரியம். அதற்குக் கொழும்பின் சம்மதம் தேவையில்லை.

இன்னொன்றுக்கும் அந்தச் சம்மதம் தேவையில்லை. ராமேசுவரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கிறது. எந்தப் படகு, யாருடையது, என்று புறப்பட்டது என்பதெல்லாம் அந்த அலுவலகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு கைதுக்கும் மறுநாள் மீனவர்களின் பெயர்ப் பட்டியல் பத்திரிகைகளில் வருகிறது. அதற்குப் பக்கத்தில் அந்தப் படகின் உரிமையாளர் பெயரும், அவரிடம் மொத்தம் எத்தனை படகுகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை இதற்கு முன் பிடிபட்டவை என்பதும் ஒருமுறை வரட்டும்.